தொட்டுப் பார்க்க முடியாத துணி: நிலைத்தன்மைக்கான இணையக் கண்காட்சிக்குத் தயாராகும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு

துணி வாங்க வருபவர் முதலில் அதை இரண்டு விரல்களுக்கிடையே வைத்து நசுக்கிப் பார்ப்பார். பிறகு இழுத்து விடுவார், வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். விலை, அளவு, சான்றிதழ் எல்லாம் அதற்கப்புறம்தான். ஜெர்மனியில் ஸ்டால் போட்டுப் பழகிய எந்தத் திருப்பூர்க்காரருக்கும் இந்த வரிசை அத்துப்படி. இணையவழிக் கண்காட்சியில் இதே வரிசை தலைகீழாகிவிடுகிறது. அங்கே துணி கடைசியில் கூரியரில் போய்ச் சேரும். முதலில் பையர், அதாவது வாங்குபவர், கண்ணில் படுவது காகிதம். அதிலும் கண்காட்சியின் பொருளே நிலைத்தன்மை, அதாவது சுற்றுச்சூழலையும் தொழிலாளரையும் கெடுக்காத உற்பத்தி, என்றால் காகிதம்தான் சரக்கு. இது புரியாமல் அழகான முப்பரிமாண ஸ்டாலுக்குப் பணம் கட்டிவிட்டு, நான்கு நாளும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்து வெறுங்கையோடு எழுந்த கம்பெனிகள் நிறைய.

இந்த வகைக் கண்காட்சிகள் பரவியது கொரோனா வந்த 2020-இல். ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் நடக்கவேண்டிய டெனிம் கண்காட்சியான கிங்பின்ஸ் இணையத்துக்கு மாறியது. ஜூன் 15 முதல் 24 வரை சீனாவின் கேன்டன் கண்காட்சி முழுக்க இணையத்திலேயே நடந்தது. ஜூலையில், நிலைத்தன்மை கொண்ட ஆடைகளுக்கென்றே நடக்கும் ஜெர்மனியின் நியோனிட் கண்காட்சி இணைய ஒளிபரப்பாக வந்தது. 2021 பிப்ரவரியில் இயற்கை விளைபொருட்களுக்கான பயோஃபாக்கும் அதே வழியில் போனது. நோய் அடங்கியதும் ஆட்கள் அரங்குகளுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் நேரம் குறித்துக்கொண்டு பேசும் இருபது நிமிட வீடியோ சந்திப்பும், பையரையும் உற்பத்தியாளரையும் இணைத்துவைக்கும் தேடல் ஏற்பாடும் போகவில்லை. இப்போது நேரில் நடக்கும் பல கண்காட்சிகளோடும் இவை ஒட்டிக்கொண்டே வருகின்றன.

பயணம் மிச்சமாவதால் கரியமில வாயு வெளியேற்றமும் மிச்சமாகிறது என்பது உண்மை. மாநாடுகளை முழுக்க இணையத்துக்கு மாற்றினால் கரிமத் தடம் 94 சதவீதம் குறையும் என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 இறுதியில் கணக்கிட்டுச் சொன்னார்கள். கோவையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போய்வரும் ஒருவரின் விமானப் பங்கு மட்டும் ஒரு டன்னைத் தாண்டும். இரண்டு கிலோ சாம்பிளை விமானக் கூரியரில் அனுப்புவது அதோடு ஒப்பிட்டால் தூசு. ஆனால் இதை உங்கள் ஸ்டாலில் பெருமையாக எழுதிப்போடத் தேவையில்லை. பையர் கேட்கப்போவது நீங்கள் எப்படி வந்தீர்கள் என்பதை அல்ல, உங்கள் துணி எப்படி வந்தது என்பதை.

முதலில் காகிதம்

கண்காட்சிக்கு ஆறு வாரம் முன்பே வேலை தொடங்க வேண்டும். அந்த ஆறில் நான்கு வாரம் சான்றிதழ் கோப்புக்கே போகும்.

ஜிஓடிஎஸ் (இயற்கை நார் ஆடைகளுக்கான உலகளாவிய தரநிலை) சான்றை எடுத்துக்கொள்வோம். இயற்கைப் பஞ்சு, அதாவது இயற்கை வேளாண்மையில் விளைந்த ஆர்கானிக் பஞ்சு, ஆடைக்கு ஐரோப்பாவில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். இதில் இரண்டு காகிதங்கள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான தவறு. ஸ்கோப் சான்றிதழ் என்பது உங்கள் கம்பெனி இந்த வேலையை இந்தத் தரத்தில் செய்யத் தகுதி பெற்றது என்று மட்டும் சொல்கிறது, ஓராண்டுதான் செல்லும். டிரான்சாக்ஷன் சான்றிதழ், அதாவது எல்லோரும் டிசி என்று சொல்வது, குறிப்பிட்ட ஒரு சரக்கு, குறிப்பிட்ட எடை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறியதற்கான சான்று. 'எங்களிடம் ஜிஓடிஎஸ் இருக்கிறது' என்று சொல்லி ஸ்கோப் சான்றிதழை மட்டும் திரையில் காட்டினால், விவரம் தெரிந்த பையர் அடுத்த நொடி கேட்பது, 'சாயம் போட்டது யார்?' என்பதாகத்தான் இருக்கும். உங்கள் சான்றிதழின் இணைப்பைப் புரட்டிப் பாருங்கள். அதில் தையல் மட்டும் இருந்து, நிட்டிங்கும் (துணி பின்னுதல்) சாயமும் காம்பாக்டிங்கும் (துணி சுருங்காமல் இறுக்குதல்) வெளியே ஜாப் ஒர்க்கில் நடந்தால், அந்த ஒவ்வொரு பட்டறையும் சான்றுக்குள் வந்திருக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் முழுச் சரக்கும் சாதாரணப் பஞ்சுச் சரக்குதான்.

எடைக் கணக்கைப் போட்டு வையுங்கள். நல்ல பையர் இதைத்தான் முதலில் சரிபார்ப்பார். ஆயிரம் கிலோ தைத்த ஆடை ஏற்றுமதி என்று வைத்துக்கொண்டு பின்னால் போகலாம். கட்டிங்கில் 15 சதவீதம் வேஸ்ட் போகிறதென்றால் 1,176 கிலோ துணி வேண்டும். சாயப்பட்டறையில் 7 சதவீதம் எடைக் குறைவு என்றால் கிரே துணி (சாயம் போடாத துணி) 1,265 கிலோ. நிட்டிங்கில் 1 சதவீதம் போனால் நூல் ஏறத்தாழ 1,280 கிலோ. கட்டிங் வேஸ்ட் ஸ்டைலுக்கு ஸ்டைல் மாறும், சாய இழப்பும் ஷேடுக்குத் தக்க மாறும். உங்கள் கணக்கை உங்கள் ரிஜிஸ்டரிலிருந்து எடுங்கள். ஆனால் நூலுக்கான டிசியில் ஆயிரம் கிலோதான் இருக்கிறது, ஆடையும் ஆயிரம் கிலோ போகிறது என்றால் யாரோ நடுவில் சாதாரண நூலைக் கலந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். கலக்கவில்லை, கணக்கு எழுதியவர் தவறு செய்தார் என்றாலும் பையருக்கு இரண்டும் ஒன்றே.

இவ்வளவு சந்தேகம் ஏன் என்று கோபப்படுவதில் பயனில்லை. 2020 அக்டோபரில் ஜிஓடிஎஸ் அமைப்பே இந்தியாவில் 20,000 டன் பஞ்சுக்குப் போலியாக இயற்கைச் சான்று உருவாக்கப்பட்டதைக் கண்டுபிடித்து அறிவித்தது. 11 நிறுவனங்களுக்குச் சான்றிதழ் தடை விதித்தது. போலிச் சான்றில் இருந்த க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால், அரசு தளத்தைப் போலவே செய்யப்பட்ட ஒரு போலித் தளத்துக்குப் போகுமாம். அதிலிருந்து பையர்கள் க்யூஆர் குறியை நம்புவதைவிட, சான்றளித்த அமைப்பின் பொதுத் தேடல் பக்கத்தில் தாங்களே எண்ணைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஆகவே ஸ்டாலில் வெறும் முத்திரைப் படத்தை ஒட்டாமல் உரிம எண், சான்றளித்த அமைப்பின் பெயர், முடியும் தேதி மூன்றையும் எழுத்தாகவே போடுங்கள். படமாகப் போட்டால் காப்பி செய்ய முடியாது, எரிச்சல்தான் மிஞ்சும்.

தர அளவும் தெரிந்திருக்க வேண்டும். 95 சதவீதம் அல்லது அதற்கு மேல் இயற்கை நார் இருந்தால்தான் 'ஆர்கானிக்' என்று போடலாம். 70 முதல் 95-க்குள் என்றால் 'இத்தனை சதவீதம் ஆர்கானிக் நாரால் ஆனது' என்றுதான் எழுத வேண்டும். 95 சதவீதம் ஆர்கானிக் பஞ்சுக்கு 5 சதவீதம் லைக்ரா என்ற இழுபடும் நார் கலந்த ஜெர்சி முதல் வகைக்குள் மயிரிழையில் நுழையும். 92க்கு 8 லெகிங்ஸ் துணி நுழையாது. ஸ்டால் விவரக் குறிப்பில் இரண்டையும் ஒரே பெயரில் போட்டுவைத்தால் ஏமாற்றுகிறார் என்ற பெயர் வந்துவிடும்.

மறுசுழற்சித் துணி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பள்ளம். நம்மூர்க் கட்டிங் வேஸ்ட் ஓப்பன் எண்ட் நூல் மில்லுக்குப் போய் நூலாகித் திரும்பி வருவது பழைய பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் அது 'நுகர்வுக்கு முந்தைய' கழிவு. பழைய ஆடையைப் பிரித்தெடுத்த 'நுகர்வுக்குப் பிந்தைய' கழிவு அல்ல. சான்றிதழில் இரண்டும் தனித்தனியே வரும். அதோடு ஜிஆர்எஸ் என்ற மறுசுழற்சித் தரநிலையின் முத்திரையை ஆடையில் போட மறுசுழற்சிப் பங்கு குறைந்தது 50 சதவீதம் வேண்டும். 30 சதவீதம் கலந்துவிட்டு முத்திரை கேட்டால் கிடைக்காது. பெட்டர் காட்டன் என்ற பஞ்சு விவசாயத் திட்டத்தின் விஷயமும் அப்படியே: அது இயற்கைப் பஞ்சு அல்ல, அதன் பழைய முறையில் எடைச் சமன் கணக்குதான் (வேறு பஞ்சோடு கலந்தாலும் எடையை மட்டும் ஈடுகட்டும் கணக்கு) இருந்தது, உங்கள் டீ-ஷர்ட்டுக்குள் அந்தப் பஞ்சே இருக்கிறது என்று அது சொல்லவில்லை.

சொல்லக்கூடாத சொற்கள்

'ஈகோ ஃபிரெண்ட்லி', 'கிரீன்', 'கார்பன் நியூட்ரல்' இந்த மூன்றையும் உங்கள் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 எண்ணுள்ள நெறிமுறை 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது. நிரூபணம் இல்லாத பொதுப்படையான சுற்றுச்சூழல் பெருமைகளை நுகர்வோரிடம் சொல்வதை அது தடுக்கிறது. மரம் நட்டோம், கார்பன் கிரெடிட் வாங்கினோம், அதனால் இந்தப் பொருளுக்குக் கரியே இல்லை என்ற வாதத்தையும் தடுக்கிறது. சட்டம் நேரே பிடிப்பது அங்கே கடை வைத்திருப்பவரைத்தான், திருப்பூரை அல்ல. ஆனால் அபராதம் கட்டப்போகிறவர் அந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தில் உங்கள் தலையில் வைப்பார். நீங்கள் வீடியோவில் வாய்தவறிச் சொன்னது அவருடைய கேட்லாக்கில் ஏறும். பிறகு நிரூபிக்கச் சொல்லி உங்களுக்கே மெயில் வரும். ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல் விநியோகச் சங்கிலிச் சட்டம் இருப்பதால் ஸ்பின்னிங் மில் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்கள் பற்றிய கேள்வியும் வரும். 'அது மில்காரர் விஷயம்' என்று சொல்பவர்களுக்கு அடுத்த சந்திப்பு இருக்காது.

பெருமைச் சொல்லுக்குப் பதில் எண் சொல்லுங்கள். திருப்பூரிடம் சொல்ல நல்ல எண்கள் இருக்கின்றன, அவற்றைச் சொல்லத்தான் நமக்குக் கூச்சம்.

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த கதை பையர்களில் பாதிப்பேருக்குத் தெரியும். சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று இட்ட உத்தரவால் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதற்குப் பிறகுதான் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத முறை இங்கே உண்மையாக நிலைபெற்றது. ஏன் ஒரு சொட்டும் போகக்கூடாது என்பதை விளக்கத் தெரிந்திருப்பது முக்கியம். பஞ்சுத் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் நாரில் ஏற உப்பு வேண்டும். அடர் ஷேடுக்கு லிட்டருக்கு 80 கிராம் வரை போடுவார்கள். சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் நீர் என்றால், ஒரு கிலோ துணிக்கு 480 கிராம் உப்பு, அதாவது துணியில் பாதி எடைக்கு உப்பு! சாயத்தின் நிறத்தையும் அழுக்கையும் பாக்டீரியாவை வைத்துக் குறைத்துவிடலாம்; உப்பைப் பாக்டீரியா தின்னாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியேற்ற அனுமதிக்கும் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். அதற்குள் வர ஆர்ஓ (உப்பை வடிகட்டும் சவ்வு முறை) வேண்டும், ஆர்ஓ ஒதுக்கித் தள்ளும் உப்புக்கரைசலைக் காய்ச்ச ஆவியாக்கி வேண்டும். நீர் திரும்ப வருகிறது, உப்பும் திரும்ப வருகிறது.

ஆனால் இங்கேதான் கூர்மையான பையர் மடக்குவார்: ஆவியாக்கிக்கு நீராவி எங்கிருந்து? விறகா, நிலக்கரியா? நீரைக் காப்பாற்றும் முறைதான் எரிபொருளைத் தின்கிறது. இதை மறைக்காமல், கிலோ துணிக்கு இவ்வளவு லிட்டர் புது நீர், இவ்வளவு கிலோ விறகு, இவ்வளவு யூனிட் கரண்ட் என்று மூன்றையும் ஒரே தாளில் கொடுப்பவர் நம்பப்படுவார். கிரிட் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு என்று வைத்துக் கணக்குப் போடலாம். சொந்தக் காற்றாலை இருக்கிறது என்றால் மின்வாரியம் தரும் சரிக்கட்டல் கணக்கை (காற்றாலை தந்த யூனிட்டை உங்கள் பயன்பாட்டில் கழித்த கணக்கு) காட்டுங்கள். அந்தக் காற்றாலைக்கான புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றுகளை வேறு யாருக்காவது விற்றுவிட்டிருந்தால் 'காற்றாலைக் கரண்டில் தைத்தது' என்று சொல்லும் உரிமையும் அவற்றோடு போய்விட்டது.

ரசாயனத்துக்கு இசட்டிஎச்சி பட்டியல், அதாவது ஆபத்தான ரசாயனங்களை ஒழிக்க முனையும் அமைப்பு தடுத்துவைத்த பொருட்களின் பட்டியல். உங்கள் சாயப்பட்டறை பயன்படுத்தும் சாயங்கள் அந்தப் பட்டியலுக்குப் பொருந்துகின்றனவா என்று காட்டும் இன்செக் அறிக்கையும், ஆண்டுக்கு இரண்டு முறை எடுக்கும் கழிவுநீர்ச் சோதனையும் கேட்பார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த பட்டறையும் தன் சுத்திகரிக்காத நீரைத் தானே சோதிக்க வேண்டும். பொது நிலையத்தின் அறிக்கையைக் காட்டித் தப்பிக்க முடியாது. பத்துப் பட்டறையின் நீர் கலந்த பிறகு யார் எதைப் போட்டார் என்று எப்படித் தெரியும்?

விவரப் பக்கம்

கண்காட்சித் தளத்தில் உங்கள் பக்கத்தை மனிதர் பார்ப்பதற்கு முன் தேடல் வடிகட்டி பார்க்கும். பையர் பொருள் வகை, சான்றிதழ், குறைந்தபட்ச ஆர்டர் என்று மூன்று பெட்டியில் டிக் அடிப்பார். அதில் நீங்கள் இல்லையென்றால் நீங்கள் அந்தக் கண்காட்சியிலேயே இல்லை. 'எல்லா வகைப் பின்னலாடைகளும்' என்று எழுதுவது ஒன்றும் எழுதாததற்குச் சமம். 'ஆண்கள் டீ-ஷர்ட், எச்எஸ் எண் 6109 10, சிங்கிள் ஜெர்சி 150 முதல் 200 ஜிஎஸ்எம், ஆர்கானிக் காட்டன்' என்று எழுதுங்கள் (எச்எஸ் என்பது சுங்க வகை எண், ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை). குறைந்தபட்ச ஆர்டரை வாய்க்கு வந்தபடி போடாதீர்கள். சாய மெஷின்தான் அதை முடிவு செய்கிறது: 100 கிலோ மெஷினை முக்கால்வாசியாவது நிரப்பினால்தான் கட்டுப்படியாகும். கட்டிங் வேஸ்ட் கழித்து ஒரு டீ-ஷர்ட் 170 கிராம் என்று வைத்தால் முழு மெஷினுக்கு ஏறத்தாழ 500 பீஸ். ஆகவே 'ஒரு கலருக்கு 500' என்று எழுதினால் அதற்குக் காரணமும் சொல்ல முடியும். 'ஆயிரம், ஆனால் பேசலாம்' என்பது வடிகட்டியில் விழாது.

கோப்புகளை ஏற்றும்போது ஒரு சிறு சோதனை. கூகுள் டிரைவ் இணைப்பு கொடுத்தால், வேறு கம்ப்யூட்டரில், உள்நுழையாத பிரவுசரில் திறந்து பாருங்கள். 'அனுமதி கேளுங்கள்' என்று வந்தால் பையர் அனுமதி கேட்கமாட்டார், ஜன்னலை மூடிவிடுவார். ஃபைல் பெயரில் 'ஃபைனல் நியூ 2' வேண்டாம். ஸ்டைல் எண்ணும் தேதியும் போதும்.

சாம்பிள் கூரியரைக் கண்காட்சிக்குப் பின் அனுப்பலாம் என்று விட்டுவிடாதீர்கள். சந்திப்பு உறுதியானவர்களுக்கு இரண்டு வாரம் முன்பே ஏழெட்டு ஸ்வாட்ச் (சிறு துணித் துண்டு) கொண்ட அட்டை போய்ச் சேர்ந்தால், பேசும்போது அவர் கையிலும் துணி இருக்கும், உங்கள் கையிலும் அதே துணி இருக்கும். ஒவ்வொரு ஸ்வாட்சுக்கும் கட்டாயம் எண். 'மூணாம் நம்பரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்' என்று சொல்லும் அந்த ஒரு நிமிடத்தில், நேரில் நின்று பேசுவதில் பாதியாவது திரும்பக் கிடைக்கும். இன்வாய்ஸில் விற்பனைக்கல்லாத மாதிரி என்று எழுதி, சிறு மதிப்பாவது போடுங்கள். பூஜ்யம் என்று போட்டால் சுங்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அறை, விளக்கு, கடிகாரம்

நேரத்தில் விழும் அடி சிரிப்பாக இருக்கும், ஆனால் சந்திப்பே போய்விடும். ஃபிராங்க்ஃபர்ட் காலை 10 மணி என்பது குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 2.30, கோடையில் 1.30. ஐரோப்பா கடிகாரத்தை மாற்றுவது மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில். அமெரிக்கா மாற்றுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். மார்ச்சில் நடக்கும் கண்காட்சியில் நியூயார்க்கும் ஃபிராங்க்ஃபர்ட்டும் தங்கள் வழக்கமான இடைவெளியைவிட ஒரு மணி நேரம் நெருங்கியிருக்கும் இரண்டு மூன்று வாரங்கள் வரும். மனக்கணக்குப் போடாமல், நாள்காட்டி அழைப்பை பெர்லின் நேர மண்டலத்தில் அனுப்பி, அதையே உங்கள் போனில் இந்திய நேரமாகப் பாருங்கள். குளிர்காலத்தில் அங்கே மாலை 5 மணிக்குக் கடைசிச் சந்திப்பு என்றால் இங்கே இரவு 9.30. பையரோடு பேசும் மெர்ச்சண்டைசருக்குச் சாப்பாடும் வீட்டுக்குப் போக வண்டியும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அந்த நேரத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இணைப்பில் கேடு விளைவது பெரும்பாலும் கம்பெனிக்குள்ளேதான். வீடியோ சந்திப்புக்கு ஏற்றும் வேகம் 5 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். ஆனால் அதே லைனில் சிசிடிவி கேமராக்கள் மேகத்துக்குப் பதிவேற்றிக்கொண்டிருக்கும், கணக்கு மென்பொருள் பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கும். சந்திப்பு நேரங்களில் இரண்டையும் நிறுத்துங்கள். வைஃபை வேண்டாம், லேன் கேபிள். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் சில நொடிகளில் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் உயிரோடு இருக்கும், மோடம் செத்துப்போகும். மோடத்தையும் ரூட்டரையும் யுபிஎஸ்ஸில் மாட்டியிருக்கிறீர்களா என்று முந்தின நாளே மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். நிட்டிங் ஹாலுக்குப் பக்கத்து அறை வேண்டவே வேண்டாம்.

விளக்கு உங்களிடமே இருக்கிறது, தேடாதீர்கள். கலர் பார்க்கும் பெட்டிக்குள் டி65 என்ற பகல்வெளிச்ச விளக்கு இருக்குமே, அதே 6,500 கெல்வின் டியூப்களை இரண்டு பக்கமும் 45 டிகிரிச் சாய்வில் வையுங்கள். திரையில் கோடுகள் மேலும் கீழும் ஓடினால் கேமரா 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது என்று அர்த்தம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமைப்பில் மாற்றிவிடுங்கள். கேமராவின் வெள்ளைச் சமனையும் (ஒயிட் பேலன்ஸ்) வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் ஒவ்வொரு முறை வேறு கலர் துணியைத் தூக்கும்போதும் கேமரா தன்னிஷ்டத்துக்குச் சரிசெய்துகொள்ளும். நேவி புளூ கறுப்பாகும், பழுப்பு சிவப்பாகும். எப்படியும் திரையில் கலரை முடிவு செய்யாதீர்கள், பையர் ஒப்புக்கொண்டாலும்கூட. பான்டோன் கலர் அட்டையின் டெக்ஸ்டைல் எண்ணைச் சொல்லி, லேப் டிப் (சாயம் போட்ட சிறு மாதிரி) அனுப்புகிறோம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

செயற்கைப் பின்னணிப் படம் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். அது மனித முகத்தை வெட்டி எடுக்கப் பழகியது, டீ-ஷர்ட்டை அல்ல. நீங்கள் துணியைத் தூக்கிக் காட்டினால் அதில் பாதி பின்னணிக்குள் மறைந்துபோகும்.

இருபது நிமிடம்

அந்த இருபது நிமிடத்தில் கம்பெனி வரலாறு சொல்லும் பழக்கத்தை விடவேண்டும். 'நாங்கள் 1987-இல் தொடங்கினோம்' என்பதைப் பையர் உங்கள் விவரப் பக்கத்தில் படித்திருப்பார், இல்லாவிட்டால் படிக்க விரும்பவில்லை. முதல் இரண்டு நிமிடத்தில் அவர் என்ன விற்கிறார், யாருக்கு விற்கிறார் என்று கேளுங்கள். அடுத்து துணி.

துணியைக் காட்டுவதில் ஒரு காட்சி எல்லா வார்த்தைகளையும்விட வேலை செய்யும். தலைக்கு மேலே இரண்டாவது கேமரா ஒன்று மேசையைப் பார்த்தபடி இருக்கட்டும். ஜிஎஸ்எம் கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருப்புங்கள். விழும் வட்டம் சரியாக 100 சதுர செ.மீ. அதை இரண்டு தசமம் காட்டும் தராசில் போடுங்கள். 1.80 என்று வந்தால் நூறால் பெருக்க 180 ஜிஎஸ்எம். பையர் தன் கண்ணாலேயே எண்ணைப் படிக்கிறார். 5 சதவீதம் கூடக்குறைய அனுமதி என்றால் 1.71 முதல் 1.89 வரை சரி என்றும் அங்கேயே பேசிக்கொள்ளலாம். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். காற்றில் தராசு ஆடும், எண் நிற்காமல் ஓடினால் நம்பிக்கையும் ஓடும். பிறகு துணியின் ஓரத்தை அகலவாக்கில் இழுத்து விட்டு, அது திரும்பும் வேகத்தை நெருக்கத்தில் காட்டுங்கள். வெளிச்சத்தின் குறுக்கே பிடித்தால் நூலின் தடிப்பு மெலிவு தெரியும். தெரியட்டும்.

அடுத்து காகிதம். திரை முழுவதையும் பகிராதீர்கள், அந்த ஒரு பிடிஎஃப் ஜன்னலை மட்டும் பகிருங்கள். முழுத் திரையையும் பகிர்ந்திருக்கும்போது வேறொரு பையருக்குப் போட்ட விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் மேலே எட்டிப்பார்த்தால், அதற்கப்புறம் உங்கள் விலைக்கு மரியாதை இருக்காது. எழுத்தை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள்; அவர் போனில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஸ்கோப் சான்றிதழ், பழைய ஆர்டர் ஒன்றின் டிசி (வாங்கியவர் பெயரை மறைத்து), எடைக் கணக்கு, நீர்-விறகு-கரண்ட் தாள். நான்கே நான்கு. கேட்டது உங்களிடம் இல்லையென்றால் 'இல்லை, இந்தத் தேதிக்குள் எடுக்கிறோம்' என்பதே பதில். 'இருக்கிறது, அனுப்புகிறோம்' என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் இருப்பதுதான் ஆர்டர் போகும் வழி.

குறித்த நேரத்துக்கு எல்லோரும் வருவதில்லை. நேரில் ஸ்டாலுக்கு வந்தவர் போகாமல் நிற்பார். திரையில் வராதவரை இழுத்துவர முடியாது. ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டு, தளத்தின் சாட்டிலேயே இரண்டு மாற்று நேரங்களை அனுப்பிவிட்டு, அடுத்தவருக்குத் தயாராகுங்கள். நடுவே கிடைக்கும் ஓய்வில் யாரும் வராத ஸ்டாலைக் காவல் காப்பதைவிட, கருத்தரங்குகளில் கேள்விப் பெட்டியில் நல்ல கேள்வி போடுவது பலன் தரும். நூற்றுக்கணக்கானோர் பார்க்க உங்கள் கம்பெனி பெயர் அதில் வரும். சாயப்பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இங்கே விற்பதைவிட வாங்குவதே அதிகம்: உப்புக் குறைவாகக் கேட்கும் சாயங்கள், குறைந்த நீரில் ஓடும் மெஷின்கள் பற்றி நேரடியாகக் கேட்டு, நம்மூர் நீரின் கடினத்தன்மைக்கும் பொருந்துமா என்று விசாரித்துக்கொள்ளலாம். கேட்லாக்கில் உள்ள எண்கள் ஐரோப்பிய ஆய்வகத்து மென்னீரில் எடுத்தவையாக இருக்கலாம்.

முடிந்த அன்றிரவே, தளம் திறந்திருக்கும்போதே, சந்தித்தவர் பட்டியலையும் சாட் உரையாடல்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். கண்காட்சி முடிந்த பிறகு உள்நுழைவு மூடப்பட்டால் ஏற்பாட்டாளரிடம் கெஞ்ச வேண்டிவரும். மறுநாள் மதியத்துக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெயில்: பேசிய ஸ்வாட்ச் எண், கேட்ட காகிதம், அனுப்பும் தேதி. ஒரே மெயிலை எல்லோருக்கும் அனுப்பினால், அது ஒரே மெயில் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளையும் தனித்தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் எம்.டி. மேசைக்குப் போவதைவிட சாயப்பட்டறை மேனேஜர் கைக்கும் நூல் வாங்குபவர் கைக்கும் போகவேண்டும். அடுத்த கண்காட்சிக்குக் காகிதம் தயாராவது அங்கேதான்.